திட்டம் கலையும் நாளில் கிட்டங்கி வேலையைத் தானாக வரிசைப்படுத்துவது எப்படி?

காற்று பலமாக இருப்பதால் விசைப்படகுகளுக்கு இன்று அனுமதிச் சீட்டு கிடையாது என்ற செய்தி காலையில் வந்தால், மண்டபம் பக்கம் குளிர்பதனக் கிட்டங்கி வைத்திருப்பவருக்கு அடுத்த இரண்டு நாள் கணக்கும் கலைந்துவிடும். நாளை வரவேண்டிய இறால் வராது. அதை நம்பி ஒதுக்கிய ஆட்கள் சும்மா நிற்பார்கள். அதற்கு நேர்மாறாக, மூன்று நாள் கரையில் கிடந்த படகுகள் ஒரே நாளில் கடலுக்குப் போய்த் திரும்பினால், வாசலில் மீன் பெட்டிகள் தலைக்கு மேல் குவியும். நடுவில் மின்சாரம் போகும். தூத்துக்குடியிலிருந்து வரும் காலிக் கண்டெய்னர் சாயல்குடி தாண்டுமுன் டயர் வெடித்து நிற்கும்.

இப்படி எது நடந்தாலும் எங்கள் பக்கத்துக் கிட்டங்கிகளில் காலங்காலமாக இருப்பது ஒரே விதி: யார் குரல் பெரிதோ அவர் சரக்கு முதலில். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு வாடைக் காலத்தில், வாசலில் நின்று கத்திய உள்ளூர் வியாபாரியின் வண்டியை முதலில் அனுப்பிவிட்டு, ஏற்றுமதிக் கண்டெய்னரைக் காக்க வைத்தேன். துறைமுகத்தில் அதன் கெடு தாண்டியது. அடுத்த கப்பல்வரை சரக்கைக் குளிரில் வைத்திருந்த செலவு என் தலையில் விழுந்தது. வியாபாரியைக் குறை சொல்ல முடியாது. அவர் தன் வேலையைச் செய்தார். நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

அதற்குப் பிறகு உருவாக்கிய முறையைத்தான் இங்கே சொல்கிறேன். பெரிய மென்பொருள் வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸ், ஒரு பழைய தொலைக்காட்சி, சூப்பர்வைசர் கையில் ஒரு செல்போன் போதும். பெரிய மென்பொருள் வாங்குகிறவர்களுக்கும் தர்க்கம் இதேதான். அது தெரியாமல் வாங்கினால் பழைய குழப்பம் புதிய திரையில் தெரியும், அவ்வளவே.

முதல் படி: வேலையை உடையுங்கள்

எல்லாரும் மென்பொருளில் தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் வேலைகளின் பட்டியல். 'கண்டெய்னர் ஏற்றுதல்' என்று ஒரே வரியில் எழுதினால் அந்த முறை வேலை செய்யாது. அதற்குள் குறைந்தது இரண்டு வேலைகள் இருக்கின்றன. சேம்பருக்குள்ளேயே, அதாவது குளிர் அறைக்குள்ளேயே, அட்டைப்பெட்டிகளை எடுத்துப் பேலட் என்ற தட்டுப்பலகையில் அடுக்கிக் கட்டுவது ஒன்று. இதற்குக் கண்டெய்னர் வந்திருக்க வேண்டியதில்லை. கட்டிய பேலட்டைக் கண்டெய்னருக்குள் ஏற்றுவது மற்றொன்று. இதற்குக் கண்டெய்னர் வாசலில் நிற்க வேண்டும். எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பது மாறும் இடத்திலெல்லாம் வேலையை வெட்டுங்கள். திட்டம் மாறும்போது நகர்த்துவதற்கு அப்போதுதான் துண்டுகள் இருக்கும்.

ஒவ்வொரு துண்டுக்கும் இவற்றை எழுதுங்கள்: எவ்வளவு நேரம் பிடிக்கும், எத்தனை ஆள், எந்த சேம்பர், எதற்குப் பிறகுதான் தொடங்கலாம், எப்போது முடிந்தாக வேண்டும், தவறினால் என்ன நட்டம்.

நேரத்தை நினைவிலிருந்து எழுதாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் தொடக்க நேரத்தையும் முடிவு நேரத்தையும் குறித்து வாருங்கள். பிறகு சராசரியை எடுக்காமல், ஐந்தில் நான்கு முறை எந்த நேரத்துக்குள் வேலை முடிந்ததோ அதை எடுங்கள். சராசரியை நம்பினால் ஏறக்குறைய பாதி நாட்கள் தாமதமாகும். மைனஸ் 18 டிகிரியில் வேலை செய்கிறவர் இடையிடையே வெளியே வந்து கைகால் சூடேற நிற்க வேண்டும். அந்த நேரமும் கணக்கில் சேர வேண்டும். இதை விட்டுவிட்டுப் போடும் திட்டம் ஆட்களின் உடம்பிலிருந்து நேரத்தைத் திருடுகிறது.

'எதற்குப் பிறகு' என்ற கட்டத்தில் எங்கள் தொழிலுக்கே உரிய ஒரு நிபந்தனை உண்டு. சரக்கின் நடுப்பகுதி மைனஸ் 18 டிகிரியைத் தொடாமல் ரீஃபர் கண்டெய்னரில் ஏற்றக் கூடாது. ரீஃபர் குளிரைக் காக்கும் பெட்டி. சரக்கை உறைய வைக்கும் திறன் அதற்கு இல்லை. அவசரம் என்று அரைகுறையாக உறைந்ததை ஏற்றிவிட்டு 'போகிற வழியில் உறைந்துவிடும்' என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால் 'வெப்பநிலை சோதித்தாயிற்று' என்ற குறி விழாத சரக்குக்கு ஏற்றும் வேலை பட்டியலிலேயே தோன்றாது. கட்டளை யாரிடமிருந்து வந்தாலும் அப்படித்தான்.

இரண்டாம் படி: சொன்ன கெடுவும் உண்மைக் கெடுவும்

மதுரைச் சந்தைக்குப் போகும் வண்டி ஓட்டுநர் 'எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும்' என்பார். ஏன் எட்டு என்று கேட்டால், வழக்கமாக எட்டு. மீன் சந்தை விடியலுக்கு முன் கூடுகிறது. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். பதினொரு மணிக்குக் கிளம்பினாலும் இரண்டு மணிக்குப் போய்ச் சேரலாம். ஆகவே எட்டு அவர் சொன்ன கெடு, பதினொன்று உண்மைக் கெடு.

துறைமுகத்தின் கட்-ஆஃப், அதாவது கண்டெய்னரை வாங்கும் கடைசி நேரம், அப்படியல்ல. அது தாண்டினால் கப்பல் போய்விடும். கடலிலிருந்து இப்போதுதான் இறங்கிய இறாலின் கெடு எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. ஆனால் எல்லாவற்றிலும் கண்டிப்பானது அதுதான். ஐஸ் உருக உருக அது நெருங்கி வரும்.

ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒரு முறை உட்கார்ந்து பேசி உண்மைக் கெடுவை வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு இதற்கே ஒரு மாதம் பிடித்தது. இந்த முறை முழுவதிலும் அதிக லாபம் தந்த மாதமும் அதுதான். கணினியை அதுவரை தொடவே இல்லை.

மூன்றாம் படி: எது நடந்தால் திட்டம் மாற வேண்டும்?

ஒவ்வொரு தொலைபேசி அழைப்புக்கும் திட்டத்தைத் திருப்பிப் போட்டால் ஆட்களுக்குத் தலை சுற்றும். எனவே திட்டத்தைத் தொட உரிமையுள்ள நிகழ்வுகளை முன்கூட்டியே எழுதி வையுங்கள். எங்கள் பட்டியலில் இருப்பவை: அனுமதிச் சீட்டு இல்லை அல்லது மீண்டும் கொடுத்தார்கள், வரத்து எதிர்பார்த்ததைவிடக் கால் பங்குக்கு மேல் கூடியது அல்லது குறைந்தது, வண்டி தாமதம், கட்-ஆஃப் நேரம் மாறியது, மின்சாரம் போனது, கம்ப்ரசர் பழுது, ஆள் குறைவு, தரச் சோதனையில் சரக்கு நிறுத்தப்பட்டது, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது அல்லது இறங்கியது.

ஒவ்வொரு நிகழ்வையும் பதியும்போது அது எதுவரை செல்லும் என்பதையும் பதிய வேண்டும். 2020 டிசம்பரில் புரெவிப் புயல் வலுவிழந்து, நம் ராமநாதபுரம் மாவட்டக் கரைக்கு அருகே மன்னார் வளைகுடாவில் நகராமல் நின்றது நினைவிருக்கும். 'நாளை கடந்துவிடும்' என்று போட்ட திட்டம் எதுவும் அப்போது நிற்கவில்லை. காலாவதி நேரம் இல்லாத நிகழ்வு, தான் முடிந்த பிறகும் பட்டியலில் உட்கார்ந்துகொண்டு வரிசையைக் கெடுக்கும். நேரம் முடிந்ததும் 'இன்னும் இருக்கிறதா?' என்று சூப்பர்வைசரிடம் கேட்கும்படி வையுங்கள்.

மின்சாரம் போனால் வரிசை மட்டும் மாறினால் போதாது, நடைமுறையே மாற வேண்டும். சேம்பர் கதவைத் திறக்க வேண்டிய வேலைகளில் கெடு மிக நெருங்கியவை தவிர மற்றவை தானாக நிறுத்தப்பட்டு, ஜெனரேட்டர் நிலைபெற்ற பிறகே திரும்பி வர வேண்டும்.

நான்காம் படி: முன்னுரிமைக் கணக்கு

வேலைகளை வரிசைப்படுத்துவதை ஆராய்ந்தவர்கள் தந்த பழைய, எளிய விதிகள் இதற்கு இருக்கின்றன. 1955-இல் ஜாக்சன் காட்டியது: கெடு முந்தியதை முதலில் செய்தால், ஒரே குழு இருக்கும் இடத்தில் மிக மோசமான தாமதம் இயன்ற அளவு குறையும். 1956-இல் ஸ்மித் காட்டியது: ஒவ்வொரு வேலையின் முக்கியத்துவத்தையும் அதற்குப் பிடிக்கும் நேரத்தால் வகுத்து, பெரிய விடை வருவதை முதலில் செய்தால் மொத்தக் காத்திருப்புச் செலவு குறையும். 1968-இல் மூர் தந்தது: தாமதமாகும் வேலைகளின் எண்ணிக்கையைக் குறைக்க, கெடு வரிசையில் அடுக்கிக்கொண்டே வந்து, ஒன்று தாமதமானதும் அதுவரை அடுக்கியவற்றில் மிக நீளமானதைக் கடைசிக்குத் தள்ளு.

மூன்றாவது விதியை அப்படியே எடுத்தால் நமக்கு ஆபத்து. மிக நீளமான வேலை பெரும்பாலும் ஏற்றுமதிக் கண்டெய்னர்தான். மூர் விதி அதைத்தான் முதலில் பலி கொடுக்கும். அதற்கு எண்ணிக்கை மட்டுமே தெரியும், பணம் தெரியாது. எனவே நான் முதல் இரண்டையும் கலந்து, அவற்றுக்கு மேல் ஒரு நெருக்கடி விகிதத்தை வைத்திருக்கிறேன்.

நெருக்கடி விகிதம் என்பது, கெடுவுக்கு இருக்கும் நேரத்தை மிச்சமுள்ள வேலை நேரத்தால் வகுப்பது. வேலையை இப்போதே தொடங்க முடியாது என்றால், தொடங்கக் கூடிய நேரத்திலிருந்து எண்ண வேண்டும். விடை 1-க்குக் கீழே போனால் அந்த வேலை இப்போதைய ஆட்களோடு முடியாது. சிவப்பு, மனிதர் தலையிட வேண்டும். 1 முதல் 2 வரை மஞ்சள். இவற்றுக்குள் ஸ்மித் விதி. 2-க்கு மேல் பச்சை. இவற்றுக்குள் ஜாக்சன் விதி. ஸ்மித் விதி கேட்கும் முக்கியத்துவத்துக்கு, நட்டத்தின் எடையை 1 முதல் 5 வரை கொடுத்தால் போதும்: கெட்டுப்போகக் கூடிய சரக்கும் கப்பல் சரக்கும் 5, வெளியூர்ச் சந்தை 3, உள்ளூர் 2, இருப்பு எண்ணுவது போன்ற உள் வேலை 1. தசமப் புள்ளி வைத்த எடைகள், பத்துக் காரணிகள் என்று விரித்தால், ஏன் இந்த வேலை மேலே வந்தது என்று லோடுமேனுக்கு விளக்க முடியாது. விளக்க முடியாத வரிசையை யாரும் பின்பற்ற மாட்டார்கள்.

எடை குறைந்த வேலைகளில் ஒரு சிக்கல் உண்டு. எடை 1 உள்ள வேலை நாள்கணக்கில் அடியிலேயே கிடக்கும். இருப்பு எண்ணாமலே மாதம் போய்விடும். அதற்காக, ஒரு வேலை ஒரு நாள் காத்திருந்தால் எடையில் ஒன்றைக் கூட்டுங்கள். ஆனால் 4-க்கு மேல் போக விடாதீர்கள்.

ஒரு மாலைப்பொழுது

மாலை 4 மணி, ஒரே குழு என்று வைத்துக்கொள்வோம். தொண்டிப் பக்கமிருந்து இறால் வந்திருக்கிறது. தரம் பிரித்து ஃப்ரீசரில் அடுக்க 2 மணி நேரம், கெடு 7 மணி. கணவாய்க் கண்டெய்னர் 6 மணிக்கு வரும். பேலட் கட்ட ஒன்றரை மணி, ஏற்ற ஒரு மணி, கிளம்ப வேண்டியது 9 மணி. மதுரை வண்டிக்கு ஒரு மணி நேர வேலை, உண்மைக் கெடு 11 மணி. இருப்பு எண்ணுவதற்கு நாளை மாலைவரை நேரம் உண்டு.

விகிதம் இறாலுக்கு 1.5, கணவாய்க்கு மொத்தமாக 2, மதுரை வண்டிக்கு 7. இறால் 4 முதல் 6 வரை, கணவாய் 6 முதல் 8.30 வரை, மதுரை 9.30-க்குள் என்று வரிசை அமைகிறது. மதுரை வண்டியின் கெடுவை 8 என்றே வைத்திருந்தால் இந்த மாலை கணக்கிலேயே அடங்கியிருக்காது: மூன்றுக்கும் ஐந்தரை மணி நேர வேலை, 9 மணிவரை இருப்பது ஐந்து மணி நேரம்.

5 மணிக்குச் செய்தி வருகிறது: கண்டெய்னர் வழியில் நின்றுவிட்டது, 8 மணிக்குத்தான் வரும். வேலையை உடைக்காத பழைய பட்டியலில் இதன் பொருள் 8-க்குத் தொடங்கி 10.30-க்கு முடிவது, கப்பல் போச்சு. உடைத்த பட்டியலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஏற்றும் வேலைக்கு 8 முதல் 9 வரை சரியாக ஒரு மணி இருக்கிறது, விகிதம் 1. அதற்கு முன் பேலட் கட்டி முடிய வேண்டும் என்பதால், பேலட் கட்டும் வேலையின் கெடு தானாக 8 மணி ஆகிறது. நடந்துகொண்டிருக்கும் இறால் வேலையை யாரும் தொடுவதில்லை. 6 மணிக்குக் குழு விடுபடும்போது பேலட் கட்டுவதன் விகிதம் 1.33, மதுரை வண்டிக்கு 5. பேலட் 7.30-க்கு முடிகிறது. 7.30 முதல் 8 வரை அரை மணி இடுக்கு. மதுரை வேலை அதில் அடங்காது, ஒரு ரேக் இருப்பு எண்ணுவது அடங்கும். 8 முதல் 9 வரை ஏற்றுதல், 9 முதல் 10 வரை மதுரை வண்டி.

எல்லாம் கெடுவுக்குள் முடிந்தது, ஆனால் ஏற்றும் வேலையில் ஒரு நிமிடம்கூட உபரி இல்லை. விகிதம் 1-ஐத் தொட்டதுமே, அதாவது 5 மணிக்கே, சூப்பர்வைசருக்கும் எனக்கும் எச்சரிக்கை வர வேண்டும். ஏற்றும் நேரத்துக்கு இரண்டு ஆளைக் கூடுதலாக அழைக்கவும் கப்பல் ஏஜென்ட்டிடம் பேசவும் அப்போது மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது. 8 மணிக்கு வரும் எச்சரிக்கையால் யாருக்கும் பயன் இல்லை.

ஐந்தாம் படி: பட்டியல் நடுங்காமல் இருக்க

தானியங்கி முறைகள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வரிசை மாறினால், ஆட்கள் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு மறுபடி குரலைக் கேட்கத் தொடங்குவார்கள்.

தொடங்கிய வேலையைக் கணினி ஒருபோதும் நிறுத்தக் கூடாது. அதற்கு மனிதர் வேண்டும். அடுத்த அரை மணிக்குள் தொடங்கவிருக்கும் வேலையும் பூட்டப்பட்டது. சிவப்பு வேலை மட்டுமே அந்தப் பூட்டைத் திறக்கலாம். இரண்டு மஞ்சள் வேலைகளின் மதிப்பு (எடையை நேரத்தால் வகுத்த விடை) ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வேறுபட்டால் பழைய வரிசையே நிற்கட்டும். ஒரு வேலைக்கு ஒதுக்கிய சரக்கை இன்னொன்று பறிக்கக் கூடாது என்பதற்காக, வரிசை உறுதியானதும் அந்தச் சரக்கின் லாட் (ஒரே தொகுதியாக வந்த சரக்கு) எண்ணுக்கு எதிரே 'ஒதுக்கியது' என்று விழ வேண்டும். எந்த லாட்டை ஒதுக்குவது என்பதில், முதலில் காலாவதியாவதே முதலில் வெளியே போக வேண்டும்.

மதிப்பு ஏறக்குறைய சமமாக இருக்கும்போது சேம்பரைப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் சேம்பருக்குள் சரக்கு வைக்கப் போகிறவர் வெறுங்கையோடு திரும்பாமல், அங்கிருந்து வெளியே வரவேண்டிய பேலட்டை எடுத்து வரட்டும். ஒரு முறை கதவு திறந்து இரண்டு வேலை முடிகிறது. மின்கட்டணத்தில் இது தெரியும்.

ஆறாம் படி: ஷீட்டில் கட்டுவது

நான்கு தாள்கள்: பணிகள், நிகழ்வுகள், வளங்கள், விதிகள். எடைகளும் வரம்புகளும் விதிகள் தாளில் மட்டுமே இருக்க வேண்டும். கட்டளை வரிகளுக்குள் எண்ணைப் புதைத்தால் ஆறு மாதம் கழித்து உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது.

நிகழ்வைப் பதிய ஒரு கூகுள் ஃபார்ம். செல்போனில் மூன்றே தொடுதலில் முடிய வேண்டும்: என்ன நடந்தது, எதைப் பாதிக்கிறது, எதுவரை. ஃபார்ம் வந்ததும் கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஒரு ட்ரிகர், அதைத் தவிரப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் ஒரு ட்ரிகர், இரண்டையும் ஷீட்டோடு வரும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டளை எழுதும் பகுதியில் அமையுங்கள். கட்டத்தில் திருத்தினால் தானாக ஓடும் எளிய ட்ரிகரால் வெளியே செய்தி அனுப்ப முடியாது; அதற்கு அனுமதி கொடுத்து நிறுவும் வகை ட்ரிகர்தான் வேண்டும். இதைத் தெரியாமல் நான் இரண்டு இரவு விழித்தேன். இரண்டு ட்ரிகரும் ஒரே நேரத்தில் ஓடி ஒன்றை ஒன்று அழிக்காமல் இருக்க அதிலேயே உள்ள லாக் சர்வீஸ் என்ற பூட்டும் வசதியைப் பயன்படுத்துங்கள். ஒரு ஓட்டம் ஆறு நிமிடத்தைத் தாண்டினால் கூகுள் நிறுத்திவிடும். முடிந்த வேலைகளை இரவில் வேறு தாளுக்கு நகர்த்தினால் அந்தத் தொல்லை வராது.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டியது இந்த வரிசையில்: காலாவதியான நிகழ்வுகளை நீக்கு. தொடங்க முடியாத வேலைகளைத் தனியே வை. பின்னால் வரும் வேலையின் கெடுவிலிருந்து முன்வேலையின் கெடுவைக் கணக்கிடு. விகிதம் போடு, நிறம் கொடு, அடுக்கு. பூட்டியவற்றை இருந்த இடத்திலேயே வை. முன் பட்டியலோடு ஒப்பிட்டு, மாற்றம் இருந்தால் மட்டும் செய்தி அனுப்பு. செய்திக்கு டெலிகிராம் பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) இலவசம், எளிது. சுவரில் மாட்டிய தொலைக்காட்சியில் அடுத்த ஐந்து வேலைகள் மட்டும், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரியில் காரணம்: 'கண்டெய்னர் 8 மணிக்கு', 'ஐஸ் குறைகிறது'.

மணிக்கு ஒரு முறை பட்டியலை அச்செடுத்துச் சூப்பர்வைசர் மேசையில் வையுங்கள். புயல் நாளில் முதலில் போவது இணையம்தான்.

ஏழாம் படி: முதலாளிக்கும் ஒரு கடிவாளம்

வரிசையை மீற வேண்டிய நேரம் நிச்சயம் வரும். கதவை அடைக்காதீர்கள், ஆனால் மீறுகிறவர் பெயர், காரணம், எதுவரை என்ற மூன்றும் பதிவாகாமல் மீற முடியாதபடி வையுங்கள். எங்களிடம் முதல் மாதப் பதிவைப் பார்த்தபோது அதிகம் மீறியவர் நான்தான். 'அண்ணே, உங்கள் பெயர்தான் நிறைய வருகிறது' என்று சூப்பர்வைசர் சிரிக்காமல் சொன்னார். அவற்றில் பாதி, விதிகள் தாளில் நான் எடையைத் தவறாகக் கொடுத்ததால் வந்தவை, திருத்தினேன். மீதிப் பாதிக்குக் காரணம் தொலைபேசியில் வந்த குரல்கள்தான்.

வாரம் ஒரு முறை நான்கு எண்களைப் பாருங்கள்: கெடு தவறிய வேலைகள், மீறல்கள், ஒரு ஷிப்டில் வரிசை மாறிய தடவைகள், மதிப்பிட்ட நேரத்துக்கும் நடந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். கடைசி எண் பெரிதாக இருந்தால் மற்ற மூன்றைப் பற்றிப் பேசுவதே வீண். முதல் படிக்குத் திரும்புங்கள்.

எப்போது தொடங்குவது?

முதல் இரண்டு வாரம் கணினி வரிசை போடட்டும், யாரும் பின்பற்ற வேண்டாம். மாலையில் உட்கார்ந்து, நீங்கள் செய்ததையும் அது சொன்னதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது தவறு என்று தோன்றும் இடங்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு நிபந்தனையை நீங்கள் எழுதாமல் விட்டிருப்பீர்கள். பிறகு ஒரு சேம்பருக்கு மட்டும் அமல்படுத்துங்கள், அதன்பின் மற்றவை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு வரத்து மட்டும் இருக்கும். கிட்டங்கியில் மூச்சுவிட நேரம் கிடைக்கும். வாடிக்கையாளர்களிடம் உண்மைக் கெடு கேட்பதும் தாள்களைக் கட்டுவதும் ஏப்ரல் கடைசியில் முடியட்டும். மே மாதம் நாட்டுப்படகுச் சரக்கை வைத்துப் பின்பற்றாத ஓட்டம். ஜூன் முதல் வாரம் ஒரு சேம்பர். விசைப்படகு வேலைகளின் நேரத்தை மட்டும் தடைக்காலத்தில் அளக்க முடியாது என்பதால், அதை ஏப்ரல் முதல் பாதியிலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தடை முடிந்து கடலுக்குப் போகும் படகுகள் மொத்தமாகத் திரும்பும் அன்று வரத்து மற்ற நாட்களைப் போல இருக்காது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் விதிகள் தாளில் பூட்டும் நேரத்தை அரை மணியிலிருந்து ஒரு மணியாக்கி, வெளியாட்களுக்கு முன்பணம் கொடுத்து வையுங்கள்.